படத்தில் பதினொரு பேர்

கட்டடப் படங்களில் மனிதர்களைக் கடைசியில்தான் வரைவோம். சுவர், சன்னல், வானம், நிழல் எல்லாம் முடிந்து வண்ணம் காய்ந்த பிறகு, மெல்லிய தூரிகையால் ஆங்காங்கே ஓர் ஆளை வைப்போம். முகம் தேவையில்லை. கட்டடம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்த வேலைதான் ரொம்பப் பிடிக்கும்.

நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் தபால் அட்டையில் இருப்பது என் படம். வெள்ளை ஓட்டல், பச்சைச் சன்னல்கள், பாறையிலிருந்து கடலுக்கு மேலே அந்தரத்தில் நீளும் அரைவட்டத் தளம். நாங்கள் அதைப் பிறைமாடம் என்போம். அதில் பதினொரு பேர் இருக்கிறார்கள். தொப்பிக்காரர், பந்தோடு இரண்டு குழந்தைகள், தட்டு ஏந்திய பணியாள், இன்னும் சிலர். கைப்பிடி ஓரமாக மஞ்சள் குடையோடு நிற்பது என் அக்கா. முகம் இல்லாவிட்டாலும் அக்காதான். இடுப்பில் கை வைத்து அப்படி நிற்பது அவள் ஒருத்திதான்.

அக்காவின் கணவர் இந்த விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஓட்டலை வடிவமைத்தவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எல்லாம் தன் தவறு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம். அது சரியல்ல. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இயற்பியல் படித்தவள். நல்ல மதிப்பெண். ஆனால் வேலைக்காக யார் முன்னால் போய் உட்கார்ந்தாலும் தெரிந்த பதில் தொண்டையைத் தாண்டாது. கடைசியில் அக்கா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டு முன்னறைதான் மாமாவின் அலுவலகம். வரைபலகை, இரண்டு விளக்குகள், நான். மாமா கரிக்கோலில் போட்டுத் தருவதை மெல்லிய தாளில் மசியால் பிரதி எடுப்பேன். எழுத்துகளையும் நானே போடுவேன். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார் மாமா.

பிறகு வேலை வருவது நின்றுபோனது. வரைபலகையில் அக்கா துணி வெட்ட ஆரம்பித்தாள். நான் தரையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே, "இதுக்குத்தான்டி உன்னை நியூட்டன் விதியெல்லாம் படிக்க வச்சேன்" என்பாள். சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் ஓட்டல் முதலாளி வந்தார். மாமாவின் வடிவத்தை வைத்து நான் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே படத்தைத் தபால் அட்டையாக அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார். அட்டையைப் பார்த்தே ஆட்கள் அறை கேட்டு எழுதினார்கள்.

கணக்குப் போட ஒரு பொறியாளர் வந்தார். வயதானவர், நிதானமானவர். மாடத்தில் ஆட்கள் தோளோடு தோள் இடிக்க நெருக்கி நின்றால் என்ன பாரம் வருமோ, அதைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்றார். மாடத்துக்கு அடியில் இரண்டு சாய்வுத் தூண்களை வரைபடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, தொலைவில் ஓர் அணைக்கட்டு வேலைக்குப் போய்விட்டார்.

முதலாளிக்குத் தூண்கள் பிடிக்கவில்லை.

"அட்டையில இது இல்லையே. இப்பப் போய் ரெண்டு காலை முளைக்க வச்சா, வர்றவன் என்ன நெனைப்பான்? ஏமாத்திட்டான்யான்னு சொல்ல மாட்டான்?"

"தூண் இல்லாம நிக்காதுங்க."

"நிக்க வைக்கிற ஆளைப் பாத்துக்கறேன் அப்ப. வார முடிவுக்குள்ள சொல்லுங்க."

அன்று மாமா சட்டையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா முன்னால் வைத்த தட்டு அப்படியே ஆறிப்போனது. ராத்திரி, முன்னறையை மறைத்துத் தொங்கும் திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"வீட்டைக் காலி பண்ணிடலாம். நாம எங்கயாவது ஒண்டிக்கலாம். அவளைச் சித்தப்பா வீட்டுல விட்டுடு."

"அங்க அவ பசிக்குதுன்னுகூட வாயைத் திறந்து கேக்க மாட்டா. செத்துப் போயிடுவா."

அக்கா சொன்னது உண்மை. இந்த உலகத்தில் நான் கேட்காமலே என் பசி தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் பாயை நான் விட முடியாது. வேறு எங்கே போவது என்று எவ்வளவு யோசித்தாலும் ஓர் இடமும் தோன்றவில்லை. தண்ணீரில் மூழ்குகிறவருக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த ஒப்பீட்டைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

நான் கணக்கை மறுபடி போட்டேன். அதில் ஓர் எண்ணில்கூடப் பொய் இல்லை. கம்பியைக் கூட்டினேன், தளத்தைப் பாறைப் பக்கம் தடிமனாக்கினேன். ஒரே ஒரு மாற்றம். பொறியாளர் நெருக்கி நிற்கும் கூட்டத்தை எடுத்துக்கொண்டார். நான் படத்தில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டேன். கடலைப் பார்க்க வருகிறவர்கள் எதற்காகத் தோளோடு தோள் நிற்க வேண்டும்? படத்தில் யாரும் அப்படி நிற்கவில்லை. பதினொரு பேருக்கு, மேஜை நாற்காலியோடு, மாடம் தூண் இல்லாமல் நின்றது.

மறுநாள் மாமாவிடம், "பொறியாளர் திருத்தி அனுப்பியிருக்கார் மாமா. கம்பியைக் கூட்டினா தூண் வேண்டாமாம்" என்றேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அவருக்கே ஆச்சரியம்.

"அந்தப் பெரியவரா? மனசு இறங்கிட்டாரா?"

தாளை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தார். கீழே கையெழுத்தைப் பார்த்தார். அதையும் நான்தான் போட்டேன், எழுத்து என் வேலை. நடுவில் இருந்ததை அவர் படிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். அவர் கணக்கைச் சரிபார்க்கவில்லை என்று எழுதாதீர்கள். அவர் அழுதுகொண்டிருந்தார் என்று எழுதுங்கள்.

காங்கிரீட் இறுகும்வரை தாங்கியிருந்த முட்டுகளைப் பிரித்த அன்று மாடம் நின்றது. ஒரு மழைக்காலம் முழுவதும் நின்றது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நன்றாகவே நடந்திருந்தது. மேஜை நாற்காலிகளுக்கான வரைபடத்தில் பதினொரு நாற்காலிகள்தான் போட்டேன். அதற்கு மேல் ஒன்றுகூட வரையவில்லை. அந்தத் தாளை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் அது என் கையில் இல்லை.

திறப்பு விழாவுக்குப் புகைப்படக்காரர் ஒருவரை முதலாளி வரவழைத்திருந்தார். வரைந்த அட்டைக்குப் பதிலாக இனி நிஜப் படம் போட்ட அட்டை. அக்கா வேண்டுமென்றே ஒரு மஞ்சள் குடை வாங்கி வந்திருந்தாள். கைப்பிடி ஓரம் போய், இடுப்பில் கை வைத்து, நான் வரைந்த இடத்திலேயே நின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதலில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அச்சு அசலாக என் படம்.

பிறகு முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். விருந்தாளிகள், சமையல்காரர்கள், தோட்டக்காரர், அவர்களுடைய பிள்ளைகள். நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று எண்ணினேன். பதினொன்றுக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மாமா விடுபட்டவர்களைத் தேடிக் கூட்டிவர உள்ளே வந்தார். அதனால்தான் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

ஓரத்தில் இருப்பவர்கள் படத்தில் வரவில்லை என்றார் புகைப்படக்காரர். "இன்னும் ஒட்டி நில்லுங்க. தோளோட தோள். அப்படித்தான்."

கதவின் அடியில், தளம் பாறையைத் தொடும் இடத்தில், தலைமுடி போல ஒரு கோடு. காலையில் அது இல்லை. என் உள்ளங்கை கண்ணாடிமேல் இருந்தது. கண்ணாடி அதிர்ந்தது.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். கத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாயைத் திறந்தேன், திறந்தேன் என்பது உண்மை. யாரும் கேட்காவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கி நிற்கும் கூட்டத்துக்கான கணக்கையும் தூணை எடுத்த அன்றே போட்டுப் பார்த்திருந்தேன். விடை தெரிந்துதான் மாமாவிடம் தாளைக் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையது, விடையைத் தெரிந்துவைத்திருந்ததும் நான் ஒருத்திதான். கடலிலிருந்து எடுத்த எல்லோருக்கும் நான்தான் பொறுப்பு. எண்ணிக்கையை மட்டும் இன்னொரு முறை சொல்லாதீர்கள்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். குடையை ஆட்டினாள்.

"ஏய் ஊமைக்கோட்டான், அங்க என்னடி கதவைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கற? இங்க வா. உன்னை நீ என்னிக்காவது வரைஞ்சிருக்கியா? இந்தப் படத்துலயாவது நில்லு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி எனக்கு இடம்கூட ஒதுக்கினாள். நான் தலையாட்டி மறுத்தேன். அவள் மறுபடி கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. என்னால் குறைக்க முடிந்த பாரத்தை நான் குறைத்தேன்.