கடைசி சீட்டு

— சத்தமே வரலியேண்ணா. ஆஃப் ஆயிடுச்சா?

— ஓடிக்கினுதான் கீது நைனா. மெதுவா போனா பேட்டரில போவும். வேகம் புடிச்சா பெட்ரோல் எஞ்சின் எடுத்துக்கும். ஷோரூம்காரரு அம்மாம் நேரம் அதத்தானே சொன்னாரு? மோகன்குமாரு, உன் காது எங்க கீது?

— அவரையும் கூட்டினு வந்திருக்கலாம்.

— அவரு இன்னும் நாஷ்டா துன்னல. ஏரி வரிக்கும் ஓட்டிப் பாருங்கன்னு பஸ் ஸ்டாண்டாண்ட எறங்கிக்கினாரு. ஜெயப்பிரியா, கடைசி சீட்டு எப்டிம்மா கீது? கால் இடிக்குதா?

— இல்ல மாமா. ஏ.சி. காத்துகூட இங்க வருது.

— அவ குள்ளம். நான் உக்காந்தா முட்டி மூக்குல இடிக்கும்.

— நீ ஏன்டா அங்க உக்கார்ற? அங்க புள்ளைங்க மூணும். நடுவுல அம்மா, உங்க அண்ணி, உன் பொண்டாட்டி ஜெயப்பிரியா. முன்னாடி நம்ம ரெண்டு பேரு. வூடே ஒரே வண்டில போலாம்.

— சாதா பெட்ரோல் வண்டியவிட ஹைபிரிட் எவ்ளோ ஜாஸ்தி தெரியுமா?

— தெரியும். உங்கண்ணன் கன்னியப்பன் கேக்காம வருவானா? டெய்லி உன் பொண்டாட்டிய ஏனாத்தூர் காலேஜுல வுட்டுட்டு, புள்ளைங்கள காஞ்சிபுரத்துல எறக்கணும். லிட்டருக்கு இருவது கிலோமீட்டரு குடுத்தா கட்டுப்படி ஆவும்.

— பேட்டரி போனா? உத்திரமேரூர்ல யாரு பாப்பா?

— எட்டு வருசம் வாரண்டி.

— நம்ம தெரு பள்ளத்துல அடி தட்டும்ண்ணா.

— இப்ப அந்தத் தெரு வழியாதானே வந்தோம். தட்டுச்சா?

— மூணு பேரு இருக்கோம். ஏழெட்டு பேரு ஏறினா தட்டும்.

— இன்னாடா உனக்கு? இந்த வண்டிதான் எடுக்கணும்னு ஆறு மாசமா போன்ல படம் காட்னவன் நீ. இப்ப வாயத் தொறந்தா குத்தம்.

— ஏன் நிறுத்தற? பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிக்கறான்.

— அடிக்கட்டும். ஓரமாதான் நிக்குது. சொல்லு.

— வண்டி வாணாம்.

— ஏன்?

— எட்டு பேருக்கு வண்டி எதுக்குண்ணா, வூட்ல நாலு பேருதான் இருக்கப் போறீங்கன்னா? தாம்பரத்துல வூடு பாத்துட்டேன். அட்வான்ஸ் குடுத்துட்டேன். பசங்களுக்கு ஸ்கூல்கூட பேசிட்டேன்.

— அம்மாக்குத் தெரியுமா?

— நீதான் சொல்லணும்.

— நானா? போறவன் நீ, அவ மூஞ்சப் பாத்து சொல்றது நானா? எங்களாண்ட இன்னா கொறைய கண்ட?

— கொறை இல்ல. வேலைக்குப் போவ ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். எட்டு வருசமா. புள்ளைங்க தூங்கறப்ப போறேன், தூங்கறப்ப வரேன். முதுகு போச்சுண்ணா. நீ நெலத்துல நின்னுக்கினு கீற, உனக்குப் புரியாது.

— சரி, புரியல. உன் பொண்டாட்டி காலேஜு லேப் வேலை? ஆறு மாசம் முன்னதான் பர்மனண்ட் ஆச்சு. அத வுட்டுடணுமா? அவளக் கேட்டியா?

— அவள இன்னா கேக்கறது? நான் எங்கியோ அங்கதானே அவளும்.

— கேட்டியா, இல்லியா?

— வூட்டு சாவி கைக்கு வந்ததும் நேரா கூட்டினு போய் காட்லாம்னு இருந்தேன்.

— அடப்பாவி. அவ பின்னாடிதான்டா உக்காந்துனு கீறா.

— ப்ரியா... அழுவாத. வூட்டுக்குப் போய் பேசிக்கலாம்.

— நான் அழல. அந்த வூட்டு ஓனரு போன மாசமே போன் பண்ணாரு, நீங்க குளிச்சிக்கினு இருந்தீங்க, நாந்தான் எடுத்தேன். இன்னிக்கு கேப்பீங்க, நாளைக்கு கேப்பீங்கன்னு ஒரு மாசம் பாத்தேன். மாமா, தாம்பரத்துக்குப் போறது இவரு ஒருத்தருதான். நானும் புள்ளைங்களும் உங்களோடதான் இருக்கப் போறோம். நீங்க வண்டிய எடுங்க.