இருபதாம் நாள் ஆகாரம்

— வெறும் சூப்பா? என் தம்பி எட்டாம் நாள் படையலுக்கு வெறும் சூப்பா வைப்ப, புனிதா?

— அரைக் கப்பு, பெரியத்தான். வடிகட்டினது. டாக்டர் குடுத்த சீட்டுல அப்படித்தான் இருக்கு.

— செத்தவனுக்கு என்னம்மா டாக்டர் சீட்டு?

— வயித்தச் சின்னதாக்கி ஆப்பரேஷன் பண்ணி இன்னியோட இருபது நாளு. முப்பது நாளைக்குத் தண்ணி ஆகாரந்தான். பன்னெண்டாம் நாளு உங்க தம்பி போயிட்டாரு. சீட்டு போகலையே.

— இங்க பாரு, நான் தலைவரா சொல்றேன். நியாலாஸ்ல கோயிலுக்கு நான்தான் தலைவர், மூணு சங்கத்துக்கு நான்தான் தலைவர். முன்னால பந்தல்ல எரநூறு பேரு ஒக்காந்திருக்கான். இந்த இருளாண்டி தம்பிக்கு நோயாளி சூப்பு வச்சாங்கன்னு நாளைக்கு பாசார்ல மீன் விக்கிறவன்கூடச் சிரிப்பான்லா. அதான் ஆட்டுப் பெரட்டல், செர்காம் மீன் சம்பால், பிரியாணின்னு எலை நெறைய நானே வச்சிட்டேனே!

— வச்சு ஒரு மணி நேரமாச்சு. காக்கா தொட்டுச்சா?

— தூத்தல் போடுதுலா. வரும்.

— எப்பவோ வந்திருச்சு. அந்தா, முருங்கையில. எலையப் பாக்கவே இல்ல. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு.

— மைக் சத்தத்துக்குப் பயந்திருக்கும்.

— நாப்பது நிமிஷம் நீங்கதானே பேசினீங்க.

— பேசாம? நூத்தி நாப்பது கிலோ இருந்தான் என் தம்பி மூர்த்தி! அவன் நடந்து வந்தா தேரு வர்ற மாதிரி இருக்கும். குடும்பத்துக்கே அது ஒரு கம்பீரம். அதப் போயி கொறைக்கிறேன்னு, வயித்த ஆபீஸ் பேப்பர் மாதிரி ஸ்டேப்பிள் அடிச்சு... அந்த டாக்டர்தான் கொன்னான். மைக்லயும் சொன்னேன்.

— டாக்டர் ஒழுங்காத்தான் தச்சாரு. தையல் பிரிஞ்சு மறுபடி தொறந்தப்ப உள்ள ஆட்டுக்கறி கெடந்துச்சாம். நான் பத்து பெரண்டாம் ஊரு பேக்டரியில வேலைக்கு நின்ன நேரத்துல யாரோ குடுத்திருக்காங்க.

— யாரு குடுப்பா? அவனே ஆசப்பட்டு எடுத்துத் தின்னிருப்பான்.

— அவரா? "இதெல்லாம் ஆம்பள குடிக்கிற ஆகாரமா"ன்னு ஊரே வந்து கேட்டுட்டுப் போச்சு. காதுலயே வாங்கல. கடிகாரத்தப் பாத்து, ஒரு மொடக்கு, ரெண்டு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஒரு மொடக்கு. "மூச்சு வாங்காம மலைக்கோயில் படி ஏறணும், புனிதா"ன்னாரு. அந்த மனுஷன் ஆசப்பட்டுத் தின்னாரா?

— சரி சரி, வை உன் சூப்ப. பத்து நிமிஷந்தான். காக்கா தொடலைன்னா எடுத்துடணும்.

— வச்சாச்சு. தள்ளி வாங்க.

— எறங்குது... ஏய், பெரட்டலத் தாண்டிப் போகுது.

— கப்புக்குத்தான் போகுது.

— குடிச்சிருச்சு! அப்புறம் ஏன் நிறுத்திருச்சு?

— மணியப் பாருங்க.

— என்ன மணி? ஏன் இப்படி அசையாம நிக்குது?

— பாருங்க பெரியத்தான். உங்க கையிலதானே வாச்சு.

— ...ரெண்டு நிமிஷம். மறுபடி குடிக்குது. புனிதா, சரியா ரெண்டு நிமிஷம்!

— பக்கத்துல தண்ணி வச்சிருக்கேன். அரை மணி நேரத்துக்கு அதத் தொடாது. சீட்டுல இருக்கு.

— வெளையாடாத. அங்க எல்லாரும் எந்திரிச்சு எட்டிப் பாக்கிறான். டேய்... டேய், மூர்த்தி. அண்ணன்டா.

— காக்காகிட்டயா பேசுறீங்க?

— நீ சும்மா இரு! மூர்த்தி, மானத்த வாங்காதடா. எரநூறு பேரு முன்னால ஒரே ஒரு துண்டு எடுத்துக்கடா. ஏன்டா அப்படிப் பாக்குற? அன்னிக்கும் இப்படித்தானே வேணாம் வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்ட? கடைசியில அண்ணன் ஊட்டினேன்னு தின்னியேடா!

— எடுத்திருச்சு, பெரியத்தான்.

— எடுத்திருச்சா? கறியவா? பாத்தியா, நான் சொன்னேன்லா! தின்னுதா?

— இல்ல. வாயில வச்சுக்கிட்டு உங்ககிட்டத்தான் நடந்து வருது. வாயத் தொறங்க, பெரியத்தான்... தம்பி ஊட்ட வர்றாரு.