கடற்கரை வைனும் கந்தசாமியும்

— துப்பினனீங்களோ, விழுங்கினனீங்களோ? முதல் அதைச் சொல்லுங்கோ.

— சிவகலா, இவ்வளவு காலமும் றெஸ்ரோறன்ற் குசினியிலை கோப்பை கழுவின பாலேந்திரன், இண்டைக்கு வைன் சோதினை பாஸ் பண்ணிப்போட்டு வந்து நிக்கிறன். சப்பாத்தையாவது கழட்ட விடுமன்.

— பாஸோ! என்ர கந்தசாமி! இருங்கோ, சாமிக்கு விளக்கைக் கொளுத்திப்போட்டு வாறன்... ம், இப்ப சொல்லுங்கோ. துப்பினனீங்களோ?

— துப்பினன். எல்லாரும்தான் துப்பினவை. அதுக்கெண்டு வெள்ளியிலை ஒரு சட்டி வைச்சிருந்தவை.

— கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு சட்டிக்குள்ள துப்புறியளோ? நல்ல படிப்பு.

— கேளுமன். கடைசிக் கிளாசிலைதான் வினை வந்தது. லேபல் இல்லை. எந்த நாடு, எந்த ஊர் எண்டு நாங்கள்தான் சொல்லவேணும். பக்கத்திலை நிண்ட சூரிச்காரன் இத்தாலி எண்டான். நான் மூக்கை வைச்சன்... ஐயோ, உப்பு! கருவாடு கட்டின சாக்கு மாதிரி.

— அந்த மரியாதையான ஆக்களுக்கு முன்னால கருவாடெண்டோ சொன்னனீங்கள்?

— காஞ்ச மீன் எண்டு டொச்சுப் பாசையிலை சொன்னன். சோதிக்க வந்த மூண்டு பேரும் திரும்பக் கிளாசை எடுத்து மணந்து பாத்திச்சினம். பிறகு ஆளை ஆள் பாத்துத் தலையாட்டிச்சினம். போர்த்துக்கல், கொலாரெஸ் எண்டன். சரி!

— அதென்ன கொலாரெஸ்?

— அத்திலாந்திக் கடற்கரையிலை ஒரு சின்ன ஊர். முந்திரிகைக் கொடியை மணலுக்குள்ளை நடுவினம். கடல் காத்து அடிக்கிற அடியிலை கொடி நிமிராது, நிலத்தோடை படுத்துக் கிடக்கும். அந்த மணலும் அந்தக் காத்தும் சேர்ந்தாத்தான் போத்தலிலை அந்தப் பேர் போடலாம். வேறை ஊர்க்காரன் போட்டா கேஸ் போடுவினம்.

— நல்ல சட்டம். இஞ்ச பாசல் ரவுணில சுடுற தட்டை வடைக்கெல்லாம் பருத்தித்துறை வடை எண்டு பேர் போடுறாங்கள், கேக்க ஆளில்லை.

— அதை விடும். திங்கட்கிழமையிலை இருந்து றெஸ்ரோறன்ரிலை வைனுக்கு நான்தான் பொறுப்பு. சாப்பிட வாறவைக்கு இன்னதைக் குடியுங்கோ எண்டு நான்தான் சொல்லப்போறன். சத்தியமா கலா, ட்ராமிலை வரேக்கை எனக்கு அழுகையே வந்திட்டுது.

— எனக்கும் சந்தோசம்தானப்பா. ஆனா... நாளைக்குக் கோயிலுக்குப் போகவேணும். நான் ஒரு நேர்த்தி வைச்சனான்.

— வைக்கவேண்டியதுதானே! என்ன, காவடியோ? எடுக்கிறன்.

— காவடி இல்லை.

— மொட்டையோ? இந்தக் குளிருக்கையோ... சரி, அடிக்கிறன். தொப்பி இருக்கு.

— மொட்டையும் இல்லை.

— பிரதட்டையோ? பனிக்குள்ளை எண்டாலும் உருளுறன். சொல்லும்!

— நீங்கள் பாஸ் பண்ணினா, இனிச் சாகுமட்டும் உங்கட வாயில ஒரு சொட்டு வைனும் படாது எண்டு.

— அடி பாவி! வைன் சோதினை பாஸ் பண்ணுறதுக்கு, வைன் தொடமாட்டன் எண்டோ நேர்ந்தனீர்?

— நான் என்ன செய்ய? பெயிலாகினா உங்கட முகத்தைப் பாக்கேலாது. பாஸாகினா, ஒவ்வொரு நாளும் ருசி பாத்து ருசி பாத்து, உங்கட சித்தப்பா மாதிரிக் கல்யாண வீட்டில சப்பாத்துக் கழட்டுற இடத்தில படுத்திருப்பியள். எனக்குப் பயமப்பா. அதுதான் ரெண்டுக்கும் சேத்து ஒரு நேர்த்தியா வைச்சன்.

— நான் பெயிலாகியிருந்தா?

— நேர்த்தி இல்லை. விரும்பினதைக் குடிச்சிருக்கலாம்.

— வாயிலை வைக்காமல் நான் திங்கட்கிழமை என்னத்தைச் சொல்லுறது? வேலை போயிடுமப்பா! மாத்தும். வேறை ஏதாவது நேரும்.

— கந்தசாமிக்கு வைச்ச நேர்த்தி. ஆர் ஆருக்காக வைச்சாலும் வைச்சதுதான்.

— மாத்தவே ஏலாதோ?

— ஏலவே ஏலாது.

— நல்லது. அப்ப நானும் சொல்லிப்போடுறன். சோதினைக்குப் போக முந்தி நானும் அவருக்கு ஒண்டு வைச்சனான்: பாஸ் பண்ணினா, என்ர சிவகலா இனிச் சாகுமட்டும் ரீவியிலை நாடகம் பாக்கமாட்டா எண்டு.