சாலையோரம் ஒப்படைத்த வார்டு

ஓர் உயிரை விடிய விடியக் காவல் காக்க என்ன விலை தெரியுமா? தலைக்கு ஒரு டீ காசு! வார்டு டாக்டரின் ராத்திரிச் சம்பளத்தை நோயாளிகளின் தலைக்கு வகுத்துப் பாருங்கள், அவ்வளவுதான் தேறும். பெரிய டாக்டர் அறுத்துத் தைத்துவிட்டுக் காரேறிவிடுவார். அப்புறம் காய்ச்சல், மூச்சிரைப்பு, ஊசி மருந்து, சொந்தக்காரர்களின் அழுகை... எல்லாம் வார்டு டாக்டர் தலையில்.

நம்ம மருந்துக்கடைக்காரரின் மைத்துனி அப்படியொரு வார்டு டாக்டர். அவளுக்கு நடந்தது இது. கிட்ட வாங்க...

ராத்திரி ஒன்பதரை. ஆஸ்பத்திரிக்குப் போகிற குடோன் சாலை. ஈ காக்காய் இல்லை. ஸ்கூட்டரில் பறந்துகொண்டிருந்தாள். எட்டு மணிக்கே வேலை ஏற்றிருக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நோயாளிகளை ஒவ்வொருவராகச் சொல்லி ஒப்படைக்காமல் பகல் டாக்டர் வீட்டுக்குப் போக முடியாது. மனுஷன் கொதித்துப்போயிருப்பாரே...

வளைவில், விளக்குக் கம்பத்தடியில், அவரே நின்றிருந்தார். இருட்டில் எங்கேயோ பைக் இண்டிகேட்டர்... டிக்... டிக்... பெட்ரோல் நெடி.

"வாம்மா மகாராணி! விடிஞ்சப்புறம் வரலாம்னு இருந்தியா?"

"மன்னிச்சுக்குங்க சார், பையன் விடலை."

"இங்கேயே வாங்கிக்கோ. இனி என்னால வார்டுக்குத் திரும்ப முடியாது."

வார்டிலிருந்த பத்தொன்பது பேரையும் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். "நாலாம் படுக்கை அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது. சாயங்காலம்தான் அவங்க மக சொன்னா. நர்ஸ்கிட்ட சொல்லாம கிளம்பிட்டேன்... அதுக்குத்தான் நிக்கிறேன்." குரல் இறங்கியது. "இன்னும் ஒருத்தர். தலையில அடி. வலி இல்லைங்கறார். குளிருதாம். வீட்டுக்குப் போகணும்னு ஒரே பிடிவாதம்."

"எல்லாரையும் நான் பாத்துக்கறேன் சார். நீங்க கிளம்புங்க."

"வாங்கிக்கிட்டியா?"

"வாங்கிக்கிட்டேன்."

மூட்டையை இறக்கிவைத்த மாதிரி பெருமூச்சு விட்டார்.

வார்டுக்குள் ஓடினாள். நாலாம் படுக்கையருகே நர்ஸ், ஊசியைக் கையில் பிடித்தபடி...

"நிறுத்துங்க சிஸ்டர்! அது பென்சிலினா? அவங்களுக்கு ஆகாது!"

"யார் மேடம் சொன்னது?"

"சார்தான். இப்ப, வழியில."

தட்டில் ஊசி விழுந்தது. கிணுங்...

"மேடம்... நீங்க போனை எடுக்கலைன்னு உங்களைத் தேடித்தான் சார் கிளம்பினார். அந்த வளைவுல லாரி... கீழே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்து அரை மணியாச்சு. வரும்போதே உயிர் இல்லை."

அந்த ராத்திரி அவள் உட்காரவே இல்லை. படுக்கை படுக்கையாகப் போய் நின்றாள். ஒருவரையும் சாக விடவில்லை.

காலையில் புது டாக்டரிடம் எல்லோரையும் ஒப்படைத்துவிட்டு வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்சீட்டு மெதுவாக... அமுங்கியது. பிடரியில் ஐஸ் மாதிரி ஒரு மூச்சு.

சாலையில் அவள் வாங்கிக்கொண்டது இருபது பேர். வார்டில் ஒப்படைத்தது பத்தொன்பது.

ஒருத்தர் பாக்கி.