வேலியோரத்துக் கற்கள்

இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், இங்கே வெளிச்சம் போதாது. கட்டிலில் இருப்பவன் என் தம்பி. நாம் பேசுவது அவனுக்குத் தொந்தரவில்லை.

உங்கள் கம்பெனி அந்த விற்பனைக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அதனால்தான் போன் செய்து உங்களை வரச் சொன்னேன். நல்ல மனிதர். நான்கு முறை வந்தார். நான்கு முறையும் டீ குடித்தார், இரண்டாவது டம்ளரைக் கேட்டே வாங்கிக் குடித்தார். இந்த வீட்டுக்கு அப்படி வருகிறவர்கள் குறைவு.

வரும்போது எங்கள் வேலியோரத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதிவரை மொட்டையாக இருக்கிறது, மிச்சம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. என் கணவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. முள், கொடி, தானாய் முளைத்து மணிக்கட்டுப் பருமனாகிவிட்ட மரங்கள். உள்ளே கம்பி ஓடுவதே தெரியாது. எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதில்லை. தம்பிக்குத்தான் பட்டது. நிலம் எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. வாங்க வந்தவர், எல்லைக்கல் கண்ணில் பட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். மனைவி தவறியதும் ஒரு பெட்டியோடு வந்து, “ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்க்கா” என்றான். வாயாடி. சாப்பிடும்போது பேசுவான், பல் தேய்க்கும்போதும் பேசுவான். அவன் வருவதற்கு முன் நான் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். ஒருமுறை டீசல் வாங்கப் போய், எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரலே வரவில்லை. கடைக்காரர் எனக்குச் சளி என்று நினைத்துக்கொண்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

போன வருடக் கடைசியில் ஒரு நாள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

“பொண்ணு வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்காம்க்கா. வேலியைச் சுத்தம் பண்ணி நிலத்தைக் குடுத்துட்டா நான் கிளம்பிடுவேன். வீடு உனக்கே இருக்கட்டும். இல்ல, நீயும் வாயேன்.”

“வந்து?”

“வந்து என்ன, இருக்கலாம்.”

“ரூம் ஒண்ணுதானேடா?”

சிரித்தான். கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தான். கிளம்ப எழுந்துவிட்ட விருந்தாளியிடம் இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்போமே, அப்படிக் கேட்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

சண்டை போடவில்லை. வேலிப் புதரை வெட்டும் மெஷினை நானே பார்க்கிறேன் என்றேன். ட்ராக்டர் ஓட்டுவது நான், பின்னால் எதைக் கட்டி இழுப்பது என்பதும் நான்தானே முடிவு செய்ய வேண்டும். உங்கள் விற்பனைக்காரர் முதலில் கொண்டுவந்தது நீண்ட கை வைத்தது. ட்ராக்டர் வயலிலேயே நிற்கும், கை மட்டும் வேலிக்குள் போய் வெட்டும். கனம், என் ட்ராக்டர் தாங்காது என்று அனுப்பிவிட்டேன். அடுத்தது உருளையில் சின்னச் சின்னக் கத்திகள் தொங்குவது. அதில் கல் பட்டால் கத்தி மடங்கிக்கொள்ளும், கல் கீழேயே விழும். அதையும் அனுப்பினேன், மரத்தண்டை வெட்டாது என்று.

“நீ மெஷின் பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா? ரெண்டு வரன் போயாச்சு” என்றான் தம்பி.

“மூணாவது வரட்டும்.”

“கண்ணு தெரியாத வயசுல உனக்கு இவ்வளவு கிராக்கி கூடாதுக்கா.”

விற்பனைக்காரர் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு ஒரே நேரத்தில் மூன்று பேர் சிரித்த சத்தம் இந்த வீட்டில் கேட்டது.

மூன்றாவது, நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் இந்த மெஷின். ஒரே தட்டு, அடியில் சுழலும் கனமான கத்தி. முன்பக்கம் திரைச்சீலை போல வரிசையாகச் சங்கிலிகள் தொங்கும். அன்று தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். விற்பனைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

“அம்மா, வேலியோரத்துல கல்லு கிடக்குமா?”

“தெரியலையேப்பா.”

“கிடந்தா இது வேண்டாம், ரெண்டாவதையே எடுத்துக்கோங்க. இது கல்லைத் துப்பாக்கி மாதிரி அடிச்சிடும். இதைத்தான் எடுப்பேன்னா, கல்லைத் தடுக்குற இந்தச் சங்கிலியை மட்டும் கழட்டவே கூடாது. ஓடும்போது முன்னாடி, பக்கத்துல ஒரு ஆள் நிக்கக் கூடாது.”

“சரிப்பா” என்றேன்.

அவர் சொல்லவில்லை என்று உங்கள் தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள். இரண்டு தடவை சொன்னார்.

கல் கிடக்கிறதா என்பது எனக்குத் தெரியும். உழும்போது மேலே வரும் கல்லைப் பொறுக்கி வேலிக்குள் வீசுவது எங்கள் வழக்கம். நாற்பது வருடம் வீசியவள் நான். எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் குவியல் அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எட்டாவது கம்பம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அறுந்த கம்பி புல்லுக்குள் கிடந்தால் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அதனால் ட்ராக்டருக்கு முன்னால் ஒருவர் கோலால் புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டே நடப்பார். என் கணவர் வைத்திருந்த பழைய மெஷின் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும், எதையும் எறியாது. அதன் முன்னால் நடந்தால் ஆபத்தில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் அப்படி நடந்தது தம்பிதான். அதே கோல் இன்னும் கொட்டகையில் சாய்ந்திருந்தது. அவனே போய் எடுத்துக்கொண்டான், நான் சொல்லவில்லை. விற்பனைக்காரர் சொன்னதையும் நான் சொல்லவில்லை.

சங்கிலிகள் எல்லாம் ஒரே கம்பியில் கோத்திருக்கும். கம்பியை உருவினால் மொத்தமாகக் கழன்றுவிடும். வேலி வெட்ட இறங்கிய அன்று காலை, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கழற்றினேன். “எங்கக்கா சங்கிலி?” என்று அவன் கேட்கவில்லை. அங்கே ஒன்று தொங்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது.

நான் கெட்டவள் இல்லை. கால் எலும்பு ஒன்று போதும் என்றுதான் கணக்குப் போட்டேன். ஒரு மழைக்காலம் படுத்திருப்பான், வாங்க வந்தவருக்குப் பொறுமை போய்விடும், ஆக்கிப்போட நான் இருக்கிறேன். கத்தியைத் தரையோடு தரையாக இறக்கி வைத்தேன், கல் தாழ்வாகப் போகட்டும் என்று. கல் அப்படிப் போகவில்லை. பின்மண்டையில் பட்டது.

அதற்குச் சற்று முன்னால் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. வண்டியை நிறுத்தி என்னடா என்று கேட்டிருக்கலாம். எட்டாவது கம்பம் வந்துவிட்டிருந்தது.

அவன் மகள் வந்து பத்து நாள் இருந்தாள். “அத்தை, நீங்க மட்டும் இல்லன்னா அப்பாவை யாரு பாப்பாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ரூமை இப்போது வேறு யாருக்கோ விட்டுவிட்டார்களாம்.

கழற்றிய சங்கிலிகள் கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. அவன் கொண்டுவந்த பெட்டிதான். எடுத்துப் பாருங்கள், ஒன்றுகூட அறுந்திருக்காது. விற்பனைக்காரரை வேலைக்குச் சேர்த்த பிறகு ஒருமுறை இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள். மிச்சப் பாதி வேலியை வெட்ட வேண்டும், ரெண்டாவது மெஷினைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

தம்பிக்குப் பேச்சு வராது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு அவனைப் பழக்கமில்லை. நாங்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். “டீ ஆறிப்போச்சுக்கா” என்பான். “ஆத்திக் குடுத்தாதானேடா குடிப்ப” என்பேன். அன்று திரும்பிப் பார்த்து என்ன சொன்னான் என்பதைக்கூடச் சொல்லிவிட்டான். “நான் எங்கயும் போகலக்கா” என்றுதான் சொன்னானாம்.

நம்பிக்கை இல்லையென்றால் அவனையே கேளுங்கள். பதிலை நான் சொல்கிறேன்.