கழுத்தின் நிறம்

அக்டோபர் 14, செவ்வாய். செப்டம்பர் 9 பதிவில் ஒரு சிறு தவறு. அந்த ரீங்காரச் சிட்டின் கழுத்து நீலம் என்று எழுதியிருந்தேன். ஊதா. திருத்திவிட்டேன்.

சோய்லா டீச்சர், பறவை பார்க்கும் மாலை வகுப்பின் முதல் நாளே நீங்கள் சொன்னீர்கள்: வெளிச்சம் படும் கோணம் மாறினால் இந்தக் கழுத்துகள் கறுப்பாகக்கூடத் தெரியும், அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள் என்று. அதனால்தான் காட்டோரம் நம் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியில் அதைப் பார்த்த அன்று நான் புதுப் பறவைப் பதிவுப் படிவத்தை நிரப்பவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஃபாஸ்டோவிடம் நோட்டைக் கொடுத்தேன். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நீயும் பார்த்துச் சொல் என்றேன்.

"எழுதிக்கிட்டே இரு, நோட்டுக்காரி. பறவை உன் நோட்டுக்குள்ளயே கூடு கட்டிரும்," என்று சிரித்தான்.

அடுத்த வாரம் நீங்கள் வகுப்பில் படிவத்தை வாசித்தீர்கள். இந்த மலையில் முதன்முறை, கண்டவர், ஃபாஸ்டோ. அலகின் நீளம், வாலின் பிளவு, வந்துபோகும் நேரம் எல்லாம் என் வாக்கியங்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்: "உனக்கே சந்தேகம்னு நீதானே சொன்னே? நான் சந்தேகப்படல."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் தலைநகர் கீட்டோவிலிருந்து பறவை நிபுணர் வந்து தன் கண்ணால் பார்த்தால்தான் பதிவு உறுதியாகும் என்றும் நீங்கள் சொன்னீர்கள். அவர் வியாழக்கிழமை வருகிறார். பறவை இல்லாவிட்டால் ஃபாஸ்டோவும் என்னைப் போலச் சந்தேகத்தில் இருக்க வேண்டியதுதான்.

இந்த மாதம் குப்பிகளைக் கழுவி நிரப்பும் பொறுப்பு அவனுடையது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீ தங்கம்டி," என்றான். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. தேன் மட்டும் கூடவே கூடாது, சிட்டுகளின் நாக்கில் பூஞ்சை பிடித்து வீங்கிவிடும். நம் வகுப்பில் இது எல்லோருக்கும் மனப்பாடம். நான் தேன் கலந்தேன். பதினெட்டு நாள், தினமும் காலை ஐந்தரைக்கு. வேறு மூன்று பச்சைச் சிட்டுகள் முதலில் விழுந்தன. தேதிகள் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன.

இன்று காலை அது விழுந்தது. நாக்கு உள்ளே போகவில்லை. உள்ளங்கையில் வைத்து வெயில் பக்கம் திருப்பினேன். ஊதா. இவ்வளவு நிச்சயமாக நான் எதையும் அறிந்ததில்லை. ஃபாஸ்டோ மேல் எனக்குக் கோபம் இல்லை. சரிபார்த்தேன், அவ்வளவுதான்.

நாளைய வேலை: அதே இனத்துப் பெண் சிட்டு ஒன்றும் குப்பிக்கு வருகிறது. அதன் வயிறு வெள்ளையா சாம்பலா என்று இன்னும் தெளிவில்லை. ஐந்தரைக்குப் போக வேண்டும். தேன் அரைப் புட்டி மீதி இருக்கிறது.