சிமெண்டுக்கு அடியில் ஒரு படி

உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். கால் அங்குலம் இருக்கும். அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். தப்பாக நினைக்காதீர்கள், இருபது வருடம் கட்டட வேலை பார்த்தவனுக்கு எங்கே போனாலும் மட்டம்தான் முதலில் கண்ணில் படும். என் கல்யாணப் புகைப்படத்தில்கூட நான் பெண்ணைப் பார்க்காமல் பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரி, அந்த வீட்டுக்கு வருகிறேன். கடைத்தெரு நடுவில் நூற்றிருபது வயதான மாடி வீடு. முகப்பைத் தொடாமல் உள்ளே பன்னிரண்டு ஃபிளாட்டுகள் ஆக்க வேண்டும். நான் சைட் சூப்பர்வைசர். பதினொன்று முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது இருக்க வேண்டிய முதல் மாடியில் ஆபரேட்டர் அம்மா இருந்தார். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உயிரோடு இருக்கும்வரை அந்த அறைகள் அவருக்கே என்று பழைய வீட்டுக்காரர் உயில் எழுதியிருந்தார். லிஃப்ட் போக வேண்டிய பாதையோ அவர் குளியலறை வழியாக. லிஃப்ட் இல்லாமல் யாரும் குடிவர அனுமதி கிடையாது.

வேறு வீடு பார்த்துத் தருகிறேன் என்று மூன்று தடவை கேட்டேன். "மேஸ்திரி, நீ நல்ல பிள்ளை. ஆனா இந்த வீட்டை விட்டுட்டா எனக்குக் கண்ணு ரெண்டாந்தரம் போயிடும்" என்றார். நான் பொறியியல் படித்தவன். என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான். எனக்குக் கோபம் வராது, எங்கள் மேஸ்திரிக்குத்தான் வரும்.

பார்வை போய்ப் பதினோரு வருடம். வயது எழுபத்தெட்டு. கைத்தடி எடுக்கமாட்டார், அது கிழவிகளுக்காம். எண்ணிக்கையில்தான் நடப்பார். கட்டிலிலிருந்து கதவுக்கு ஒன்பது எட்டு. மாடிப்படி இருபத்தொன்று. வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்குவார். ஒருநாள் நடுவில் வணக்கம் சொல்லிவிட்டேன். "எண்ணும்போது யாரும் வாயத் தொறக்கக் கூடாது. லைன் கட்டாயிடும்" என்று அதட்டினார்.

நான் ஒரு படி கட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கூடத்துக் கருங்கல் தரைமேல் யாரோ எப்போதோ அரையடிக்குச் சிமெண்டு கொட்டி, கடைசிப் படியைப் புதைத்துவிட்டிருந்தார்கள். நான் அதை வெளியே எடுத்தேன். வரைபடத்தில் இருக்கிறது. பழமையைக் காக்கும் குழு கையெழுத்துப் போட்டு, என் முதுகிலும் தட்டிவிட்டுப் போனது. ஆறு அங்குலம். ஆறு அங்குலத்துக்கா இத்தனை தடிமனாக ஒரு கோப்பு?

எச்சரிக்கவில்லை என்பதும் பொய். 'கவனம், கூடுதல் படி' என்று சிவப்பு எழுத்தில் இரண்டு இடத்தில் ஒட்டினேன். வேலையாட்கள் பதினான்கு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். தபால்காரரிடம்கூடச் சொன்னேன்.

எட்டாம் நம்பர் ஃபிளாட்டுக்காரப் பெண்ணை நீங்கள் விசாரிக்கவே இல்லை. பணம் கட்டிவிட்டு, வாடகைக்கு ஒற்றை அறையில் மாமனார், மாமியாரோடு நிறைமாதமாக இருந்தாள். "அண்ணா, குழந்தை பொறக்கறதுக்குள்ள வந்துடலாமா?" என்று போனில் அழுதாள். என்னால் யாருடைய அழுகையையும் தாங்க முடியாது. மனைவி வெங்காயம் நறுக்கினாலே எழுந்து போய்விடுகிறவன் நான்.

தூசி அதிகம் என்று ஆபரேட்டர் அம்மாவை மூன்று நாள் கீழே வரவிடவில்லை. பாலும் ரொட்டியும் நானே கொண்டுபோனேன். கடிக்க வராது என்று ரொட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். எந்த சூப்பர்வைசர் செய்வான்? நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, வேலை முடிந்தது, வாசலில் போய் வெயில் காயலாம் என்றேன். கைப்பிடியில் வார்னிஷ் ஈரம், தொட்டால் துணியில் கறை போகாது என்றும் சொல்லிவைத்தேன்.

"தரை வழுக்குமா மேஸ்திரி?"

"வழுக்காதும்மா. கருங்கல்."

அது உண்மை.

அவருக்கு முன்னால் இறங்கி அடியில் நின்றேன். விழுந்தால் பிடிக்கத்தான் நின்றேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. எண்ணி முடித்துச் சிரித்தார். தரைக்கு வந்துவிட்டவர் நடக்கிற மாதிரி நிமிர்ந்து, நீளமாக ஒரு எட்டு வைத்தார். எங்களுக்கு நடுவே இரண்டடி. என் கைகள் இரண்டும் காலியாகத்தான் இருந்தன.

'இன்னும் ஒண்ணு' என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எண்ணும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. அந்த வீட்டில் அதை மதித்தவன் நான் ஒருவன்தான்.

இடுப்பு எலும்பும் மண்டையும் உடைந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். தினமும் போனேன். இப்போது லிஃப்ட் ஓடுகிறது. எட்டாம் நம்பரில் குழந்தை தவழ்கிறது.

கடைசி நாள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "மேஸ்திரி, நான்தான் தப்பா எண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, ஒண்ணு விட்டுட்டீங்க" என்றேன். உண்மையைச் சொல்லி ஒரு வயதானவர் மனதை நோகடிக்க என்னால் முடியாது.